பழக் கம்போட்: குக்கரிலா, திறந்த பாத்திரத்திலா?

சந்தையில் பேரிக்காய் மலிந்து கிடக்கும் வாரத்தில் இரண்டு கிலோ வாங்கிவிடுகிறோம். பாதி தீர்ந்ததும் மீதி கூடையில் கிடந்து தோல் சுருங்குகிறது. ஜாம் செய்யலாம் என்றால் அவ்வளவு சர்க்கரை கொட்ட மனம் வருவதில்லை. ஜூஸ் போட்டால் அன்றைக்கே தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கம்போட். பழத் துண்டுகளை அளவான சர்க்கரையோடு வேகவைத்து எடுப்பதுதான் அது. கரண்டியில் அள்ளினால் துண்டு தெரிய வேண்டும், சாறும் லேசான பாகுபோல் துண்டோடு ஒட்டி வர வேண்டும். ஜாமுக்குப் பழத்தின் எடைக்கு முக்கால் பங்கோ சரிசமமோ சர்க்கரை போகும் என்றால், கம்போட்டில் ஒரு கிலோ பழத்துக்கு 100 முதல் 150 கிராம் போதும். தோசைக்கும் தயிருக்கும் ரொட்டிக்கும் கேக்குக்கும் தொட்டுக்கொள்ளலாம், அப்படியேயும் சாப்பிடலாம்.

எதில் வேகவைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குக்கரில் ஒரு விசில் விட்டால் ஆகாதா என்பது நியாயமான கேள்விதான். கொண்டைக்கடலையையே வேகவைக்கிற பாத்திரத்துக்கு ஆப்பிள் எம்மாத்திரம்? ஆனால் அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குக்கர் பழத்தை மென்மையாக்கும், சாற்றைக் கெட்டியாக்காது. கம்போட்டுக்கு இரண்டுமே வேண்டும். மென்மையாவதற்கே நேரம் பிடிக்கிற பழமாக இருந்தால் குக்கருக்கு வேலை உண்டு. அடுப்பில் வைத்த பத்து நிமிடத்தில் குழைகிற பழத்துக்கு குக்கரை எடுப்பது கழுவ ஒரு பாத்திரம் கூடுவதற்குத்தான் உதவும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல் பதம். துண்டு துண்டாக நிற்க வேண்டுமா, மசித்த மாதிரி வேண்டுமா என்பதை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் குக்கரைத் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாது.

இரண்டாவது நேரம். இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. கடிகாரம் காட்டும் மொத்த நேரம் ஒன்று, நாம் அடுப்பின் முன் நிற்க வேண்டிய நேரம் இன்னொன்று. சமையல் குறிப்புகளில் "குக்கரில் 3 நிமிடம்" என்று எழுதுகிறார்கள். ஆவி கட்டும் நேரம், பிரஷர் தானாக அடங்கும் நேரம், அதற்குப் பிறகு சாற்றை வற்றவைக்கும் நேரம் எதுவும் அந்த மூன்றில் சேராது.

மூன்றாவது சாறு. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர்தான். ஒரு கிலோ பழத்தில் 850 மி.லி. தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கே போகும் என்பதுதான் கம்போட்டின் மொத்தக் கணக்கும்.

நான்காவது, பாத்திரம் எந்த உலோகம் என்பது. பழங்கள் புளிப்பானவை, அலுமினியத்துக்கும் புளிப்புக்கும் ஆகாது. இதற்கு அப்புறம் மணம், கழுவும் வேலை, எவ்வளவு செய்கிறோம் என்ற அளவு, இவை வரிசையாக வரும்.

## திறந்த பாத்திரம்

அடிகனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரம் சிறந்தது. அகலம் கூடினால் ஆவி வேகமாகப் போகும். பழத்தை நறுக்கிச் சர்க்கரையும் அரை எலுமிச்சையின் சாறும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால், பழமே சாறு விட்டுவிடும். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அல்லது அடி நனைய இரண்டு கரண்டி போதும். முதலில் மூடி வைத்து மிதமான தீயில் வேகவிட்டு, பழம் மென்மையானதும் மூடியை எடுத்துவிட்டு வற்றவிட வேண்டும்.

இதன் பெரிய லாபம் கண்ணெதிரே நடப்பது. ஒரு துண்டை எடுத்துக் கத்தி முனையால் குத்திப் பார்க்கலாம். போதும் என்று தோன்றும் நொடியில் நிறுத்தலாம். சாறு கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு கலையாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது சற்று நீர்த்து இருப்பதே சரி. நாட்டு ஆப்பிளும் இறக்குமதி ஆப்பிளும் ஒரே நேரத்தில் வேகாது. ஒரே கூடையில் இருக்கிற பேரிக்காயில்கூட ஒன்று கல்லாகவும் ஒன்று கனிந்தும் இருக்கும். திறந்த பாத்திரத்தில் கல்லை முதலில் போட்டு, கனிந்ததைப் பின்னால் சேர்க்கலாம்.

சர்க்கரையை எப்போது சேர்க்கிறோம் என்பதும் இங்கே நம் கையில்தான் இருக்கிறது. தொடக்கத்திலேயே சேர்த்தால் துண்டு சற்று உறுதியாக நிற்கும். வெந்த பிறகு சேர்த்தால் பழம் சீக்கிரம் குழைந்திருக்கும். எலுமிச்சைச் சாறும் துண்டு உடையாமல் இருக்க உதவும். நிறமும் கறுக்காது.

மறைமுகச் செலவு என்றால் நாம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான். கடைசிப் பத்து நிமிடம் சர்க்கரை அடியில் தங்கும், கிளறாமல் போனால் பிடித்துக்கொள்ளும். வீடு முழுக்க வாசனை வரும். கேட்க நன்றாக இருந்தாலும், அந்த வாசனை பழத்திலிருந்து வெளியேறியதுதான். மலைப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. அந்த ஊர்களில் விளைகிற கடினமான பேரிக்காயை அந்த ஊரிலேயே திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

## குக்கரில் நேரடியாக

வெயிட் போட்ட சாதாரண குக்கருக்குள் அழுத்தம் கூடும்போது தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது. திறந்த பாத்திரத்தைவிட 20 டிகிரி கூடுதல். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகும் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், குக்கருக்குள் ஒரு நிமிடம் என்பது வெளியே நான்கு நிமிடம். கடலைக்கு இது வரம். ஆப்பிளுக்கு, அரை நிமிடம் அசந்தால் துண்டு கூழாகிவிடும் என்று பொருள்.

விசிலை நேர அளவாக எடுத்துக்கொள்வதில் இன்னொரு தொல்லை. ஒரு குக்கர் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை கூவும், இன்னொன்று ஒரு நிமிடத்திலேயே கூவும். தீயின் அளவு, வெயிட்டின் எடை, உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாம் அதை மாற்றும். அதனால் "இரண்டு விசில்" என்று யாராவது சொன்னால் அது அவர் வீட்டுக் குக்கரின் கணக்கு. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து நிமிடத்தை எண்ணுவதுதான் நம்பத்தக்க வழி. ஆப்பிள் துண்டு நிற்க வேண்டுமானால், வெயிட் அசையத் தொடங்கி விசில் வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். பிரஷர் அடங்கும் பத்து நிமிடத்தில் மீதி வேலை தானாக நடந்துவிடும்.

இப்போது பாதுகாப்பு. குக்கரோடு வருகிற கையேட்டைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பல கையேடுகளில் ஆப்பிள் கூழ், ஓட்ஸ், பார்லி போன்றவற்றைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரிக்கை போட்டிருப்பார்கள். காரணம் நுரை. பழத்திலிருந்து கரைகிற பெக்டின் என்ற இயற்கைப் பசைப்பொருள் சாற்றைப் பிசுபிசுப்பாக்குகிறது. அதில் எழும் குமிழிகள் உடையாமல் மேலே மேலே ஏறி, வெயிட் உட்காரும் குழாய்க்குள் நுழையும். கூடவே ஒரு துண்டுத் தோலும் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சேஃப்டி வால்வை நம்பியிருக்க வேண்டியதுதான். ஆகவே பழம் போடும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. 5 லிட்டர் குக்கரில் ஒன்றரைக் கிலோ பழம்தான் எல்லை. ஏற்றும் முன் குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அரை ஸ்பூன் நெய் விட்டால் நுரை கொஞ்சம் அடங்கும்.

வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடுவதும், குழாயடியில் குக்கரைக் காட்டுவதும் பழத்துக்கு ஆகவே ஆகாது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் 120 டிகிரியில் இருக்கும் சாறு முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்து எழும். துண்டுகள் உள்ளே வெடித்துச் சிதையும், இனிப்பு நுரை மூடியின் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். சர்க்கரைச் சாறு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர்போல் வழிந்து போகாது. பிரஷர் தானாக அடங்கட்டும்.

அடி பிடிப்பது அடுத்த பிரச்சினை. மூடிய பிறகு கிளற வழியில்லை. முதலில் தண்ணீர், அதன் மேல் பழம், எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரை என்று போட்டு, கலக்காமல் மூடிவிட்டால் சர்க்கரை அடிக்குப் போவது தாமதமாகும். தண்ணீர் ஒரு டம்ளராவது வேண்டும், இல்லாவிட்டால் ஆவி கட்டாது. அந்த ஒரு டம்ளர்தான் பிற்பாடு உங்களைப் பழிவாங்கும். குக்கரிலிருந்து ஆவி மிகக் கொஞ்சமே வெளியேறுவதால், ஊற்றிய தண்ணீரும் பழம் விட்ட சாறும் அப்படியே இருக்கும். திறந்து பார்த்தால் பழ ரசத்தில் துண்டுகள் மிதக்கும். கலக்கம் வேண்டாம், இதற்கு நல்ல வழி இருக்கிறது. துண்டுகளைச் சல்லடைக் கரண்டியால் அரித்து எடுத்துத் தனியே வையுங்கள். சாற்றை மட்டும் அகலமான பாத்திரத்தில் ஊற்றிப் பெரிய தீயில் பாதியாக வற்றவிட்டு, பழத்தின் மேல் ஊற்றுங்கள். துண்டு உடையாது, பாகும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. சாறு கலங்கி, கடையில் வாங்கும் கேக் பூரணம் மாதிரி ஆகிவிடும்.

உலோகத்தையும் மறக்க வேண்டாம். வீடுகளில் இருக்கும் பழைய குக்கர்களில் பெரும்பாலானவை வெறும் அலுமினியம். பிளம்ஸ், அன்னாசி, நெல்லிக்காய் போன்ற புளிப்புப் பழங்களை அதில் நேரடியாக வேகவைத்தால் நாக்கில் ஒரு உலோகச் சுவை தட்டும், குக்கரின் உட்புறமும் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். எவர்சில்வர் குக்கர் என்றால் கவலையில்லை. இரும்புக் கடாயைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம். அதுவும் வேண்டாம். பழத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கம்போட் கறுத்துவிடும்.

கடைசியாக கேஸ்கெட். தினமும் சாம்பாருக்குப் பருப்பு வேகிற மூடியின் ரப்பரை மோந்து பாருங்கள். பூண்டும் பெருங்காயமும் அதில் குடியிருக்கும். அந்த மணம் பேரிக்காயில் இறங்கினால் ஏலக்காய் எவ்வளவு தட்டிப் போட்டாலும் மறைக்க முடியாது. இனிப்புக்கென்று ஒரு கேஸ்கெட் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது குக்கர் கம்போட்டின் மறைமுகச் செலவுகளில் மிகச் சிறியது, மிகவும் பயன்படுவதும் அதுதான்.

## குக்கருக்குள் பாத்திரம் வைத்து

சாதமும் பருப்பும் வைக்கிற அதே முறை. குக்கரின் அடியில் ஓட்டை போட்ட தட்டைப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் எவர்சில்வர் பாத்திரத்தில் பழத்தை வைப்பது. இந்த முறையைக் கம்போட்டுக்கு யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு நான்கு வழிகளில் இதுதான் பிடித்தது.

நேரடி முறையில் நாம் பட்ட தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கே இல்லை. ஆவிக்கான தண்ணீர் வெளியே இருப்பதால் பழத்தில் ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம். சர்க்கரை போட்டு ஊறவைத்ததும் விட்ட சாறே போதும். அடி பிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் பாத்திரத்தின் அடியில் தீ படாது. புளிப்பு அலுமினியத்தில் படாது. நுரை எழுந்தாலும் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கும், பாத்திரத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதவரை. குக்கரையும் தேய்க்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை சில. பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் படிந்த ஆவி சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து, மிச்சப்படுத்திய தண்ணீர் எல்லாம் திரும்பி வந்துவிடும். சூடு ஆவியின் வழியாகப் போய்ச் சேர வேண்டியிருப்பதால் நேரம் சற்றுக் கூடும். கடினமான பேரிக்காய்க் கால் துண்டுகளுக்கு முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 8 முதல் 10 நிமிடம் கொடுக்கலாம், ஆப்பிளுக்கு 3 நிமிடம். இந்த மந்தம் ஒருவகையில் நல்லதுதான். நேரடி முறையில் அரை நிமிடத்தில் தவறிப்போகிற பதம் இங்கே ஒன்றிரண்டு நிமிடம் தாங்கும். அடியில் ஊற்றுகிற தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடியைப் போட்டால் அலுமினியக் குக்கர் கறுக்காது. இது பருப்பு வைக்கும்போதே எல்லோரும் செய்கிறதுதான்.

ஒரே நேரத்தில் கீழே துவரம்பருப்பு, மேலே பழம் என்று அடுக்கினால் எரிவாயு மிச்சமாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கீழ் அடுக்கின் மணம் முழுவதும் மேலே ஏறும். வெறும் சாதமாக இருந்தால் பரவாயில்லை.

குறை என்றால் அளவுதான். 5 லிட்டர் குக்கருக்குள் போகிற பாத்திரத்தில் முக்கால் கிலோவோ ஒரு கிலோவோதான் கொள்ளும். நான்கு கிலோ பழம் இருந்தால் இது வேலைக்காகாது. கனிந்த பழமாக இருந்தால் சாறு நிறைய விடும், அப்போது கடைசியில் கொஞ்சம் வற்றவைக்கத்தான் வேண்டும்.

## மின் பிரஷர் குக்கர்

இது சாதாரண குக்கரைவிடக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும், பெரும்பாலானவற்றில் சூடு 115 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். ஆவி வெளியே விடாமல் மூடியே வேகுவதால் பழத்தின் மணம் இதில்தான் அதிகம் தங்கும். விசில் கூவுகிற குக்கரில் ஒவ்வொரு கூவலிலும் கொஞ்சம் வாசனை ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது.

நேரத்தைப் பொத்தானில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். வெந்த பிறகு மூடியைத் திறந்து அதே பாத்திரத்தில் வதக்கும் பொத்தானை அழுத்திச் சாற்றை வற்றவைக்கலாம். உள்பாத்திரம் எவர்சில்வர் என்றால் புளிப்புக்கும் பயமில்லை.

ஆனால் "3 நிமிடம்" என்று வைத்தால் மூன்று நிமிடத்தில் முடியாது. ஆவி கட்டவே பத்து நிமிடம் ஆகும். பானை நிறைய ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழமாக இருந்தால் இன்னும் கூடும். பாகு தடித்து அடியில் படிந்தால் இயந்திரம் அடிபிடிப்பு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அப்போது திறந்து, சுரண்டி, தண்ணீர் சேர்த்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெந்து முடிந்ததும் சூடாக வைத்திருக்கும் நிலைக்குத் தானாகப் போய்விடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. மறந்து கடைக்குப் போய்விட்டு வந்தால் பழம் கூழாகியிருக்கும். தொடக்கத்திலேயே அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். இதன் மூடி வளையம் சிலிக்கோன். சாதாரண ரப்பரைவிட மோசமாக மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரியாணி செய்த வளையத்தோடு கம்போட் செய்ய நினைக்கவே வேண்டாம்.

கம்போட்டுக்காக மட்டும் சில ஆயிரம் கொடுத்து இதை வாங்குவது வீண். ஏற்கெனவே இருந்தால், அளவு பெரிதாக இருக்கும்போது இதற்கு ஈடில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம்மவர்கள் செப்டம்பர், அக்டோபரில் தோட்டத்துக்குப் போய்ப் பை நிறைய ஆப்பிள் பறித்து வருகிறார்கள். அவ்வளவு ஆப்பிளையும் நின்று கிளற யாரால் முடியும்? மசித்த பதம் போதும் என்றால் பாதிப் பானை ஆப்பிள், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பட்டை போட்டுவிட்டு, இரண்டாவது தொகுதிக்கு உட்கார்ந்து தோல் சீவலாம்.

## ஒரே பார்வையில்

கடினமான பேரிக்காய் ஒரு கிலோவுக்கு, சமவெளியில், எரிவாயு அடுப்பில் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உங்கள் அடுப்பில் ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம்.

| | திறந்த பாத்திரம் | குக்கரில் நேரடியாக | குக்கருக்குள் பாத்திரம் | மின் குக்கர் |
|---|---|---|---|---|
| மொத்த நேரம் | 35–45 நிமிடம் | சுமார் 30 | சுமார் 30 | சுமார் 35 |
| நிற்க வேண்டிய நேரம் | பாதிக்கு மேல் | கடைசி 10 நிமிடம் | ஏறக்குறைய இல்லை | கடைசி 8–10 நிமிடம் |
| சேர்க்கும் தண்ணீர் | இல்லை, அல்லது 2 கரண்டி | ஒரு டம்ளர் | பழத்தில் இல்லை | ஒரு டம்ளர் |
| துண்டு நிற்குமா | நம் கையில் | கடினம் | நன்றாக நிற்கும் | ஓரளவு |
| அடி பிடிக்குமா | கவனிக்காவிட்டால் | வாய்ப்பு அதிகம் | பிடிக்காது | எச்சரிக்கை காட்டும் |
| மணம் | கொஞ்சம் போகும் | நடுத்தரம் | நடுத்தரம் | நன்றாகத் தங்கும் |
| ஏற்ற அளவு | 2 கிலோ வரை | ஒன்றரை கிலோ | ஒரு கிலோ | 2 கிலோ |

முதல் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். பேரிக்காய் மாதிரிக் கடினமான பழத்துக்கே குக்கர் மிச்சப்படுத்துவது பத்து நிமிடம்தான். மிச்சமாவது பெரும்பாலும் நம் கால்வலி. பழுத்த மாம்பழத்துக்கு இதே அட்டவணையைப் போட்டால் திறந்த பாத்திரம் பத்து நிமிடத்தில் முடிந்து, மற்ற மூன்றும் இருபது நிமிடத்தைத் தாண்டி நிற்கும்.

இட்லிப் பானையையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஆப்பிள் மசித்துக் கொடுக்க வேண்டுமானால் குக்கர் எதற்கு? நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு இட்லி வேகும்போதே தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சர்க்கரை வேண்டாம், ஒரு வயது வரை தேனும் கூடாது. மைக்ரோவேவ் ஒரே ஒரு ஆப்பிளுக்குச் சரி, அதற்கு மேல் ஒரு துண்டு வெந்து இன்னொன்று வேகாமல் இருக்கும்.

## எந்தப் பழத்துக்கு எது

நாட்டுப் பேரிக்காய். கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வருகிற, கடித்தால் நறநறவென்று இருக்கிற வகை. பச்சையாகச் சாப்பிடுவதைவிட வேகவைத்தால்தான் இதன் சுவை வெளியே வரும். குக்கருக்குள் பாத்திரம் வைக்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பழம் கிடையாது. எலுமிச்சைச் சாறு சேர்த்து நீண்ட நேரம் வெந்தால் சில பேரிக்காய்கள் இளஞ்சிவப்பாக மாறும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், பழத்தில் இருக்கும் நிறமற்ற பொருளே சூட்டிலும் புளிப்பிலும் அப்படி நிறம் மாறுகிறது.

உலர் பழங்கள். குக்கர் நேரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்துவது இங்கேதான். அத்தி, ஆப்ரிகாட், உலர் பிளம்ஸ், திராட்சை இவற்றை வழக்கமாக இரவே ஊறவைத்து மறுநாள் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டும். குக்கரில் நேரடியாக, 250 கிராம் பழத்துக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 5 நிமிடம். ஊறவைக்கவே தேவையில்லை. தண்ணீர் மிஞ்சுகிற தொல்லையும் இல்லை, பழமே குடித்துவிடும். சர்க்கரையும் அனேகமாக வேண்டாம். ஒரு துண்டு பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போதும். பழம் ஊதிப் பெருக்கும் என்பதால் குக்கர் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஆப்பிள். துண்டாக வேண்டுமானால் திறந்த பாத்திரம், மசித்த பதம் என்றால் எந்தக் குக்கரும் சரி. மாவாக இருக்கும் ஆப்பிள் எதில் வைத்தாலும் கரையும், அதைத் துண்டாக நிறுத்தப் போராட வேண்டாம்.

அன்னாசி. நார் அதிகம், அதனால் குக்கர் உதவும். ஆனால் அலுமினியத்தில் நேரடியாக வேண்டாம். பச்சை அன்னாசியைப் பாலிலோ தயிரிலோ கலந்தால் கசக்கும் என்பது தெரிந்ததுதான். வெந்த பிறகு அந்தக் கசப்பை உண்டாக்கும் நொதி அழிந்துவிடுவதால், அன்னாசிக் கம்போட்டைத் தயிரோடு தாராளமாகச் சேர்க்கலாம்.

நெல்லிக்காய். குக்கருக்குள் பாத்திரத்தில் ஒரு விசில். ஆறியதும் விரலால் அழுத்தினாலே கொட்டை கழன்று, சுளை சுளையாகப் பிரியும். சர்க்கரை மற்றப் பழங்களைவிட இரண்டு மடங்கு பிடிக்கும்.

பிளம்ஸ், ஸ்ட்ராபெரி, பன்னீர் திராட்சை, மாம்பழம், பப்பாளி. எல்லாமே திறந்த பாத்திரம்தான், யோசிக்கவே வேண்டாம். மே மாதம் தொடங்கி மலையிலிருந்து பிளம்ஸ் வரும்போது பாதியாக வெட்டிச் சர்க்கரையில் ஊறவைத்தால் பத்து நிமிடத்தில் அடர்ந்த சிவப்புச் சாறோடு தயாராகிவிடும். அதே பழம் குக்கரில் தோல் தனி, சதை தனி என்று பிரிந்து கிடக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு விதையும் தோலும் தொந்தரவு, வெந்ததும் வடிகட்டி ஆப்பிள் துண்டுகளை அந்தச் சாற்றில் வேகவைத்தால் நிறமும் மணமும் வேறு ரகம்.

வெல்லம் போட்டுச் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். குக்கரில் நேரடியாகப் போட்டால் வெல்லம் சர்க்கரையைவிடச் சீக்கிரம் அடி பிடிக்கும். கருப்பட்டி உலர் அத்தியோடு நன்றாகப் பொருந்தும், ஆப்பிளின் மணத்தை விழுங்கிவிடும்.

எந்த வழியில் செய்தாலும் கம்போட் ஊறுகாய்போல் மாதக்கணக்கில் தாங்காது. ஜாம் அலமாரியில் கெடாமல் இருப்பது அதில் சர்க்கரை மிகுந்திருப்பதால், இதில் அந்த அளவு கிடையாது. குக்கரில் 120 டிகிரியில் வெந்ததால் கிருமியெல்லாம் போய்விட்டது, பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூடியைத் திறந்து கரண்டியை விட்டதுமே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. வெந்நீரில் அலசிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். புளிப்புக் குறைந்த பப்பாளி, அத்தி போன்றவற்றுக்கு எலுமிச்சைச் சாறு சேர்த்துவிட்டு நான்கைந்து நாளில் தீர்ப்பது நல்லது. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் சிறு டப்பாக்களாகப் பிரித்து, மேலே ஒரு விரல் இடம் விட்டு ஃப்ரீசரில் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும், வேண்டும்போது ஒரு டப்பாவை முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தால் போதும்.